ஊர் நூலகத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு நன்கொடை திரட்டுவது எப்படி: எல்லையோர ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பம், கூடலூர், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி என்று ஏதோ ஒரு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பெண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்கு நூலகத்தில் மாலை வகுப்பு வைக்கலாமே என்ற பேச்சு, நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் வாசகர் குழுக்களான வாசகர் வட்டங்கள் பெரும்பாலானவற்றில் எப்போதாவது வந்துவிடும். வகுப்பும் தொடங்கும். மூன்றாவது மாதம் நின்றுபோகும்.

அப்படி நின்ற வகுப்புகளைப் பார்த்தால் பீரோ இருக்கும், மின்விசிறி இருக்கும், கட்டுக்கட்டாக நோட்டும் இருக்கும். சொல்லிக்கொடுப்பவருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய பணம்தான் இருக்காது. ஒரே தடவையில் கொடுத்துவிட்டுப் போகும் நன்கொடை எளிதில் கிடைக்கும், எழுத்தறிவு வகுப்பின் செலவோ மாதாமாதம் வருவது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது வரிசையில்தான்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: மாலை நேரம் ஒதுக்கக்கூடிய ஐந்தாறு பேர் (அதில் இரண்டு பேராவது பெண்கள்), கணக்கு எழுதப் பொறுமை உள்ள ஒருவர், வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன்னால் நான்கைந்து மாத அவகாசம்.

1. யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே இது நடக்க வேண்டும். இருபது பேர் வருவார்களா, அறுபது பேர் வருவார்களா என்று தெரியாமல் செலவுக் கணக்குப் போட முடியாது, செலவுக் கணக்கு இல்லாமல் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

தெருத்தெருவாகப் போய் “உங்களுக்குப் படிக்கத் தெரியுமா” என்று கேட்டால் பதில் வராது, கதவுதான் சாத்தப்படும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், அல்லது ஜீப் வந்து நிற்கும் இடத்தில் ஏற்கெனவே அறிமுகமான அக்கா ஒருவர் மூலமாகப் பேசுங்கள். “என்ன படிக்கத் தெரிந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?” என்று கேளுங்கள். குழுக் கடன் பாஸ்புக், ரேஷன் பற்றி போனுக்கு வரும் மெசேஜ், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் நோட்டில் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை குறித்திருக்கிறது என்பது, மலையாளத்தில் எழுதிய பஸ் போர்டு. இப்படித்தான் பதில் வரும். அந்தப் பதில்களை அப்படியே எழுதி வையுங்கள், பின்னால் நன்கொடை கேட்கும்போது இவைதான் உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்றால் ஏழு வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருப்பது. கையெழுத்துப் போடுவது மட்டும் அதில் சேராது. “எங்கள் ஊரில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்” என்று யாராவது சொன்னால் பட்டியலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

நாற்பது வயது தாண்டியவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடி இல்லாமல் அவர்களில் பலருக்கு எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. “எனக்கு மண்டையில ஏறல” என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாரம் நின்றுவிடுகிற அக்காமாரில் எத்தனையோ பேருக்குப் பார்வைதான் பிரச்சினை. இது செலவுக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும்.

2. நூலகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

தமிழ்நாட்டுப் பக்கம் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இருக்கிறது. நூலகர் அரசுப் பணியாளர். அவர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும் வேலை நேரத்துக்குப் பிறகு கட்டிடத்தைத் திறந்துவைக்கவோ உங்களுக்காகப் பணம் வசூலிக்கவோ அவரால் தானாக முடிவெடுக்க முடியாது. மாவட்ட நூலக அலுவலருக்கு வாசகர் வட்டத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாவி யாரிடம், மின்கட்டணத்தில் கூடுதலாக ஆவதை யார் கட்டுவது, பூட்டும்போது யார் இருப்பார்கள் என்று எல்லாமே அதில் இருக்கட்டும். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வகுப்பு அட்டவணை போடும்போது அதை மறந்துவிட்டு, முதல் வாரமே பூட்டிய கதவின் முன் பெண்களை நிறுத்திய ஊர்கள் உண்டு.

கேரளப் பக்கம், தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு தாலுகாக்களில் தமிழ்க் குடும்பங்கள் உள்ள இடங்களில், அமைப்பே வேறு. அங்கே பெரும்பாலான நூலகங்களை நூலக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு நடத்துகிறது, மாநில நூலக கவுன்சிலுடன் இணைந்திருக்கிறது. அதனால் அங்கே அந்தக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும், தீர்மானத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். வகுப்பு தமிழிலா மலையாளத்திலா இரண்டிலுமா என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வீண் பேச்சு வரும்.

அனுமதிக்கு முன்பே வசூலைத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பணம் கைக்கு வந்தபின் அனுமதி இழுத்தடித்தால் கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

3. அரசு தருவது எது, தராதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

“நாங்கதான் வீட்டு வரியோட நூலக வரியும் கட்டுறோமே, இன்னும் எதுக்குக் காசு?” இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நியாயமான கேள்வியும்கூட. தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி, கேரளத்தில் 5 பைசா. தமிழ்நாட்டில் அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய், புத்தகம், நாளிதழ், கட்டிடம், நிர்வாகம் என்று நூலகத்தை நடத்தச் செலவாகிறது. மாலை வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பவரின் மதிப்பூதியம், கண்ணாடி, தேநீர் எல்லாம் அதில் இல்லை. இதை மூன்று வரியில் சொல்ல உங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மத்திய அரசின் ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’. 2022-இல் தொடங்கி 2027 வரைக்கும் வகுத்த திட்டம் இது. தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது, சொல்லிக்கொடுப்பவருக்கு ஊதியம் கிடையாது. ஆனால் பாடநூலும், முடிவில் ஒரு தேர்வும் சான்றிதழும் உண்டு. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் உங்கள் பட்டியலில் உள்ளவர்களைப் பதிவுசெய்ய முடியுமா என்று கேளுங்கள். பாடநூல் செலவு குறையும், அதோடு “சான்றிதழ் கிடைக்கும்” என்பது படிக்க வரும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

நூலகத் துறையின் புரவலர் திட்டத்தையும் வகுப்பு நன்கொடையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1000 ரூபாய் கட்டி ஒருவர் நூலகப் புரவலர் ஆகலாம், நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் நூலகத் துறைக்குப் போகிறது, உங்கள் வகுப்புச் செலவுக்குத் திரும்பி வராது. பத்துப் பேரைப் புரவலர் ஆக்கிவிட்டு “பத்தாயிரம் சேர்த்துவிட்டோம்” என்று உட்கார்ந்துவிட்டால் முதல் மாத மதிப்பூதியத்துக்கே வழி இருக்காது.

4. மொத்தச் செலவை ஒரு நாள் செலவாக உடைத்துக் காட்டுங்கள்

இதுதான் இந்த வேலையின் நடுத்தூண், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலே சொன்ன புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 200 மணி நேரப் படிப்பைக் கணக்கில் வைத்திருக்கிறது. மாதம் 20 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 30 மணி நேரம். காய்ச்சல், கல்யாணம், திருவிழா, மழை என்று விடுபடுவதையும் சேர்த்து எட்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 160 நாள், 240 மணி நேரம். ஒருவர் இடையில் கொஞ்ச நாள் வராமல் போனாலும் 200 மணி நேரம் கிடைத்துவிடும்.

இருபது பேர் படிக்கும் வகுப்புக்கு ஒரு மாதிரிக் கணக்கு (உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்). சொல்லிக்கொடுப்பவருக்கு மாதம் 4,000 வீதம் எட்டு மாதத்துக்கு 32,000. அம்மாக்களோடு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், வராதவர்களைத் தேடிப் போகவும் ஓர் உதவியாளர், மாதம் 1,500 வீதம் 12,000. தேநீரும் சுண்டலும் ஆளுக்கு 12 ரூபாய், 160 நாளுக்கு 38,400. நோட்டு, பென்சில், சிலேட்டு, பெரிய எழுத்து அட்டைகள் 6,000. பன்னிரண்டு பேருக்குக் கண்ணாடி, ஒன்று 250 வீதம் 3,000. மின்கட்டணம் மாதம் 500 வீதம் 4,000. ஜெராக்ஸ், ரசீதுப் புத்தகம், இதர செலவு 2,600. கூட்டினால் 98,000. எதிர்பாராததற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,07,800.

“ஒரு லட்சத்து எட்டாயிரம் வேண்டும்” என்று போய் நின்றால் எதிரில் இருப்பவர் பயந்துவிடுவார், அல்லது ஐந்நூறு ரூபாயை நீட்டி அனுப்பிவிடுவார். அதே தொகையை 160 நாளால் வகுத்தால் ஒரு நாள் வகுப்புக்கு ஏறத்தாழ 675 ரூபாய். “இருபது பெண்கள் ஒரு நாள் படிக்க 675 ரூபாய், உங்கள் அம்மா நினைவு நாள் எது, அந்த நாளை எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கோயிலில் கட்டளை எடுத்துப் பழகிய ஊர் இது. ஒரு நாள் பூசை, ஒரு நாள் அன்னதானம் என்று கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு என்பதை விளக்கவே வேண்டாம்.

இப்படி நாளாகப் பிரிப்பதில் வேறொரு பலனும் உண்டு. பணம் முழுவதும் ஒரே மாதத்தில் வந்து ஒரே மாதத்தில் கரைவது நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அந்த நாள் வரும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

தேநீர்ச் செலவுதான் பெரிய தொகையாக இருக்கிறது, வெட்டிவிடலாமா என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். வெட்டாதீர்கள். விடியற்காலை சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப் போய், மலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர் வீட்டுக்குக்கூட ஒழுங்காகப் போகாமல் வகுப்பில் உட்காருகிறார். பசியோடு எழுத்து ஏறாது. வெட்டத்தான் வேண்டும் என்றால் துவக்க விழாவின் பிளக்ஸ் போர்டை வெட்டுங்கள்.

5. பணம் வந்து சேர ஒரு முறையான இடம் வேண்டும்

தனிநபர் ஜிபே எண்ணுக்கு வசூலிக்கக் கூடாது, எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் சரி. அவர் வீட்டுப் பணமும் வகுப்புப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பின்னால் அவராலேயே பிரிக்க முடியாது, ஊரில் ஒரு சொல் எழுந்தால் அவருக்குத்தான் அவமானம்.

வாசகர் வட்டக் கூட்டத்தைக் கூட்டி, வகுப்புக்கென்று கணக்குத் தொடங்கத் தீர்மானம் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு வங்கியில் தொடங்குங்கள். அமைப்பின் பெயரில் பான் கார்டு எடுக்க வேண்டியிருக்கும். நீண்ட நாள் நடத்தும் எண்ணம் இருந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்துவிடுவது நல்லது. குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கணக்குத் தொடங்கியதும் யூபிஐ க்யூஆர் கோடு அந்தக் கணக்குக்கே வாங்குங்கள்.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு அச்சிடுங்கள், அடியில் கார்பன் பிரதி இருக்கட்டும். எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து, வசூல் முடிந்ததும் எழுதாத தாள் உட்பட எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். இருபது ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. சின்னத் தொகைக்கு எதற்கு ரசீது என்று விடுவதில்தான் சந்தேகம் தொடங்குகிறது.

நூலகர் கையில் பணத்தைக் கொடுத்து வைக்கவே கூடாது. அவருக்குத் துறையில் சிக்கல் வரும்.

6. எந்த மாதம் கேட்பது

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பணம் புழங்காது. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஆவணி வாக்கில் சூடுபிடித்து தை, மாசி வரை போகும். ஐயப்ப சீசனில், கார்த்திகை முதல் தை பிறப்பு வரை, கம்பம், கூடலூர், குமுளி சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு நிற்க நேரமிருக்காது. அந்த நேரத்தில் போய்ப் பேசினால் “அப்புறம் பாக்கலாம்” என்றுதான் வரும், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. மகரவிளக்கு முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். சீசன் கணக்கு முடித்து மனம் லேசாக இருக்கும்.

அதனால் நான் சொல்லும் அட்டவணை இது: ஐப்பசியில் பட்டியல், கார்த்திகையில் அனுமதிக் கடிதம், மார்கழியில் வங்கிக் கணக்கும் ரசீதுப் புத்தகமும், தை நடுவிலிருந்து வசூல், மாசிக் கடைசியில் வகுப்பு. எட்டு மாதம் போனால் ஐப்பசியில் முடியும். கடைசி இரண்டு மூன்று மாதம் காய் எடுப்போடு மோதும், ஜீப் திரும்பத் தாமதமாகும், அப்போது வகுப்பை அரை மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்கள் அந்த நேரத்தில் அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போக மாட்டார்கள். முதல் மாதங்களிலேயே காய் எடுப்பு வந்துவிட்டால்தான் ஆபத்து.

7. யாரிடம் முதலில் போவது

முதலில் உங்கள் குழுவே கொடுக்க வேண்டும். வகுப்பு நடக்கும் 160 நாளையும் குறித்த ஒரு நாட்காட்டியில் ஆளுக்கு ஒரு நாள் எடுத்து, பெயர் எழுதிய பிறகுதான் வெளியே கிளம்ப வேண்டும். வெறும் நாட்காட்டியை நீட்டினால் யாரும் முதல் ஆளாக எழுத விரும்பமாட்டார்கள்.

அடுத்தது படித்து வேலைக்குப் போன உள்ளூர்ப் பிள்ளைகள். சென்னை, திருப்பூர், கொச்சி என்று போனவர்கள் பலருக்குத் தங்கள் அம்மாவோ சித்தியோ கைநாட்டு வைத்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கும். இவர்களிடம் நாள் கணக்கோடு மாதக் கணக்கும் கேட்கலாம்: மாதம் 200 ரூபாய், எட்டு மாதம், வங்கியிலிருந்து தானாகப் போகும்படி. பெரிய தொகை ஒருமுறை தருகிறவரைவிட இப்படி மாதாமாதம் தரும் இருபது பேர் வகுப்பைக் காப்பாற்றுவார்கள்.

மூன்றாவதுதான் கடைத்தெரு, வர்த்தகர் சங்கம், ஏலக்காய் வியாபாரிகள், ஜீப் உரிமையாளர்கள். கடைக்கு இரண்டு பேராகப் போங்கள், காலை கடை திறந்த உடனே போகாதீர்கள், முதல் வியாபாரம் ஆகும் முன் கை நீட்டுவது யாருக்கும் பிடிக்காது. “அண்ணாச்சி, ஒரு நாள் வகுப்பு எடுத்துக்குங்க” என்று நேராகச் சொல்லி, நாட்காட்டியைக் காட்டி, அவர் யோசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். கேட்டுவிட்டு நாமே தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. முடிவெடுக்க அவருக்கு ஒரு நிமிடம் வேண்டாமா?

தோட்ட முதலாளிகளிடமும் கூலி ஆள் அனுப்புகிறவர்களிடமும் வாங்குவதில் கவனம் தேவை. கொடுக்கட்டும், ஆனால் எந்த ஒருவரின் பங்கும் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். தன் கூலிக் கணக்கைத் தானே படித்துப் பார்க்க ஒரு பெண் கற்றுக்கொள்ளும் இடம் அது. முழுச் செலவும் அவளுக்கு வேலை கொடுப்பவருடையது என்றால் அவள் மனம் விட்டுக் கேள்வி கேட்க மாட்டாள்.

எல்லாத் தெருவிலும் வசூலுக்குப் போங்கள், எல்லாத் தெருவிலும். ஒரே சமூகத்தார் பணத்தில் தொடங்கினால் அது அவர்கள் வகுப்பு என்று பெயராகிவிடும், மற்றத் தெருப் பெண்கள் படி ஏற மாட்டார்கள். பத்து ரூபாய் தரும் தெருவின் ரசீதும் ஐயாயிரம் தரும் தெருவின் ரசீதும் ஒரே புத்தகத்தில் இருக்கட்டும். கட்சிக்காரர்கள் தனிப்பட்ட முறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடியும் பேனரும் நூலகத்துக்குள் வரக் கூடாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

8. படிக்க வருபவர்களைக் காட்டிப் பணம் கேட்காதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நோட்டீஸில் அவர்கள் படம் வேண்டாம். துவக்க விழா மேடையில் வரிசையாக நிறுத்தி, நன்கொடையாளர் கையால் சிலேட்டு வாங்கவைக்கும் வழக்கமும் வேண்டாம். அந்தப் பெண்ணின் மகள் அதே ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். மருமகன் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்க்கிறான். மறுநாள் அவர் வகுப்புக்கு வருவாரா?

கொடுத்தவர் வகுப்பைப் பார்க்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே படிப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் அழைத்து வாருங்கள், வந்தவரும் பாயில் உட்காரட்டும். நோட்டீஸில் முதல் படியில் எழுதிவைத்த பதில்களைப் போடலாம், பெயர் இல்லாமல். “கங்காணி நோட்டுல என் பேருக்கு எத்தனை நாள் போட்டிருக்குன்னு நானே பாக்கணும்.” எந்தப் படத்தையும்விட இந்த ஒரு வரி அதிகம் பேசும்.

9. வரிச்சலுகை, வெளிநாட்டுப் பணம், கம்பெனிப் பணம்

வரிச்சலுகை உண்டு என்று நோட்டீஸில் அச்சிடும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை, அதற்கென அனுமதி பெற்ற அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ கொடுத்தால்தான் கிடைக்கும். வாசகர் வட்டத்துக்குக் கொடுப்பதால் தானாகக் கிடைக்காது. அனுமதி பெற்ற அமைப்பாக இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் வேறு, பழைய நோட்டீஸைப் பார்த்து அப்படியே அச்சடிக்காதீர்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்கள் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், பிறப்பால் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான், அதற்கு மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி பற்றி நிறையப் பேசுவார்கள். கல்வியும் பொது நூலகம் அமைப்பதும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருப்பது உண்மை. ஆனால் வெளி அமைப்புக்குத் தர வேண்டும் என்றால் அந்த அமைப்புக்கு வருமான வரிப் பதிவுகள், மூன்று ஆண்டு அனுபவம், சிஎஸ்ஆர் பணி செய்வதற்கான சிஎஸ்ஆர்-1 என்ற அரசுப் பதிவு எல்லாம் இருக்க வேண்டும். முதல் ஆண்டில் இதன் பின்னால் அலைந்து வசூல் மாதத்தைக் கோட்டைவிட வேண்டாம்.

10. பொருளாகக் கொடுப்பவர்களுக்குப் பட்டியல் கொடுங்கள்

பழைய புத்தகம் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். பரணிலிருந்து இறக்கிய கைடுகளும் பழைய வார இதழ்களும் மூட்டையாக வந்து சேரும், நூலகருக்கு வைக்க இடமிருக்காது, பெரிய எழுத்தில் எளிமையாக அச்சிட்ட ஒரு புத்தகம்கூட அதில் இருக்காது. கொடுக்க வருபவர் கையில் ஒரு சீட்டைக் கொடுங்கள்: எழுத்து அட்டை, பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், பாய், எல்இடி பல்பு, பிள்ளைகளுக்குப் படக் கதைகள்.

கண்ணாடிக்கு முன் கண் பரிசோதனை அவசியம், ஏனென்றால் புரை விழுந்த கண்ணுக்குக் கண்ணாடி போட்டுப் பயனில்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஊரில் முகாம் நடத்த முடியுமா என்று எழுதிக் கேட்கலாம். முகாமை வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

11. மூன்று மாதச் செலவு கையில் வந்தபின் தொடங்குங்கள், மாதாமாதம் கணக்கு ஒட்டுங்கள்

நம் மாதிரிக் கணக்கில் மாதம் 13,475 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 40,000 வங்கியில் இருந்தால் கதவைத் திறக்கலாம். முழுத் தொகையும் சேரட்டும் என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். ஒரு மாதப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் சொல்லிக்கொடுப்பவர் இரண்டாவது மாதமே வேறு வேலை தேடிப் போய்விடுவார்.

மதிப்பூதியத்தை ஐந்தாம் தேதிக்குள் வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள். “சேவைதானே, கொஞ்சம் பொறுக்க மாட்டாளா” என்ற பேச்சே வரக் கூடாது. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் உள்ளூர் இளம்பெண்கள்தான் இந்த வேலைக்குச் சரியாக வருகிறார்கள், அந்த நாலாயிரம் அவர்களுக்குப் பெரிய காசு.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஒரே தாளில் கணக்கு எழுதி நூலகப் பலகையில் ஒட்டுங்கள்: வரவு, செலவு, இருப்பு, எத்தனை நாள் வகுப்பு நடந்தது, சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள். வருகை குறைந்தால் அதையும் எழுதுங்கள். குறைந்ததை மறைத்துவிட்டுப் பணம் மட்டும் கேட்டால் ஊருக்குத் தெரியாமல் போகாது. நாள் எடுத்தவருக்கு அன்று மாலையே ஒரு மெசேஜ் போகட்டும்: “இன்று உங்கள் நாள், 17 பேர் வந்தார்கள், ‘ழ’ எழுதப் பழகினார்கள்.” அடுத்த ஆண்டு அவர்களிடம் நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

யாராவது கொடுப்பதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருந்தால் அந்த நாளுக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒருமுறை, மூன்று நாள் முன்னால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள், கடைத்தெருவில் பிடித்து நிறுத்திக் கேட்காதீர்கள். அந்த 675-ஐ எதிர்பாராச் செலவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் பத்தில் ஒரு பங்கு வைத்திருக்கிறோம்.

12. எட்டு மாதம் முடிந்ததும்

தேர்வுக்குப் பிறகு மிச்சப் பணத்தை விருந்துக்கோ சுற்றுலாவுக்கோ எடுக்க வேண்டாம். படித்தவர்கள் ஒவ்வொருவரையும் நூலக உறுப்பினராக்க அதிலிருந்து சந்தா கட்டுங்கள், வாரம் ஒரு நாள் கூடிப் படிக்கத் தேநீர்ச் செலவுக்கு ஒதுக்குங்கள். புதிதாகப் படிக்கக் கற்றவர் சில மாதம் எதையும் படிக்காமல் விட்டால் மறந்துபோகும், அதனால் இந்த வாரக் கூட்டத்தை அந்த வகுப்பின் ஒரு பகுதியாகவே பாருங்கள்.

பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கைப் படித்து, குழுவில் இல்லாத ஒருவரை வைத்துத் தணிக்கை செய்து, வங்கி அறிக்கை, ரசீதின் அடிப்பிரதிகள், செலவுச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி ஒரு நகலை மாவட்ட நூலக அலுவலருக்குக் கொடுங்கள், கேரளப் பக்கம் என்றால் நூலகக் குழுவுக்கு. அடுத்த ஆண்டு அனுமதிக் கடிதத்தோடு அந்த நகலையும் இணைத்துக் கொடுத்தால் பேச்சு சுருக்கமாக முடியும். அப்புறம் மறுபடியும் ஐப்பசி, மறுபடியும் பட்டியல். இந்தத் தடவை ஜீப் நிற்கும் இடத்தில் உங்களுக்காகப் பேச, படித்து முடித்த அக்கா ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.